மேல்தட்டை எடைக்குப் போடாதீர்கள்

குமரி மாவட்டத்து ஸ்டுடியோக்காரர்களுக்கும், ஃபிரேம் கடைக்காரர்களுக்கும், அவர்களுக்கு மின்வேலை பார்க்கும் தம்பிமாருக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, தம்பிமாரே,

மயிலாடியில் சின்னதாக ஒரு பழுதுக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். கல்பட்டறைகளின் கட்டிங் மெஷினும் கிரைண்டரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டுடியோக்களிலிருந்து மவுண்டிங் பிரஸ், லேமினேஷன் பிரஸ், கிளேசர் என்று சூடேறும் பழைய சாமான்கள் ஆட்டோவில் வந்து இறங்குவதுண்டு. கொஞ்ச காலமாக அந்த வரத்து குறைந்துவிட்டது. விசாரித்தால், “ஸ்பேர் கெடைக்காதுன்னு ஆக்கர்கடையில போட்டாச்சுடே” என்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொல்லத்தான் இந்த மடல்.

ஸ்பேர் கிடைக்காது என்பது சரிதான். அதனால் மெஷின் செத்துப்போயிற்று என்று முடிவு கட்டுவதுதான் தப்பு.

புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை. மைதாப் பசை போட்டு அட்டையில் படம் ஒட்டிய காலத்தில் ஈரத்தால் அட்டை வளையும், பசையைத் தின்னப் பூச்சி வரும். ஈரமே இல்லாமல் ஒட்டுவதற்கு வந்தது டிரை மவுண்டிங். படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெல்லிய டிஷ்யூ ஒன்றை வைத்து, சூடான அலுமினியத் தட்டால் அழுத்தினால் டிஷ்யூவில் இருக்கும் பிசின் உருகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பழைய டிஷ்யூக்களில் இருந்த பிசின், அரக்கைச் சுத்திகரித்து எடுத்ததுதான். இந்த பிரஸ்களில் பேர்போனவை அமெரிக்காவின் ‘சீல்’, இங்கிலாந்தின் ‘ஆடெம்கோ’. நம் பக்கத்தில் இவை அபூர்வம். நம்மூரில் பரவியது பலகை லேமினேஷன்: நோவோபான் பலகை, அதன்மேல் படம், அதன்மேல் பிளாஸ்டிக் பிலிம், அதற்கும் மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் ஸ்டீல் தகடு. எல்லாவற்றையும் சூட்டுத்தட்டின் அடியில் வைத்துத் திருகை இறுக்குவார்கள். நாஞ்சில்நாட்டு வீடுகளின் முன்னறையில் மாலையோடு தொங்கும் தாத்தா படங்களில் பாதி இப்படி வந்தவைதான். எந்த ஊர் பிரஸ்ஸாக இருந்தாலும் உள்ளே சமாச்சாரம் ஒன்றே. ஒரு கனமான தட்டு, அதைச் சூடாக்கும் எலிமென்ட், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அடியில் ஒரு ரப்பர் மெத்தை, அழுத்தும் சட்டம்.

இந்தத் தொழில் ஏன் தேய்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1970-களில் பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாள் பரவியதும், படத்தைக் காயவைத்துப் பளபளப்பாக்கும் கிளேசருக்கு வேலை போயிற்று. 1960-ல் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் நமக்குத் தாளும் பிலிமும் தந்த கம்பெனி, அதுவே மூடிக்கிடக்கிறது. பிறகு டிஜிட்டல், சன்போர்டு, ஸ்டிக்கர், கோல்டு லேமினேஷன். எல்லாம் சல்லிசு. ஆனால் கடற்காற்றும் வெக்கையும் சேர்ந்த நம் ஊரில் அந்த ஸ்டிக்கர் எத்தனை நாளில் மூலையில் எழும்பிக்கொள்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். 1809-ல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் ஆலயம் கட்டிய ஊர் எங்கள் மயிலாடி. இங்கே சபைக் குழுப்படம், பள்ளிக்கூடக் குழுப்படம், கல்யாணக் குழுப்படம் என்று எடுத்து அட்டையில் ஏற்றித் தொங்கவிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2023-ல் மயிலாடிக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் பட்டறைக்காரர்களும் தங்கள் வேலையைப் பெரிய படமாகப் போட்டுக் காட்ட விரும்புகிறார்கள். சூட்டில் ஒட்டிய படம்தான் பலகையோடு பலகையாக நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வேலை இருக்கிறது. மெஷின்தான் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கெடுவது பெரும்பாலும் எலிமென்ட் என்று நினைக்கிறீர்கள். திறந்து பார்த்தால் எலிமென்ட்டின் நடுப்பகுதி அப்படியே இருக்கும். டெர்மினலில் நட்டு தளர்ந்த இடத்தில்தான் கம்பி வெளிறிப்போய், தொட்டால் உதிரும். தளர்ந்த நட்டில் தீப்பொறி, பொறியால் சூடு, சூட்டால் இன்னும் தளர்ச்சி. நல்ல பகுதி வரைக்கும் வெட்டிவிட்டு, கம்பியை மடக்கி, ஸ்டீல் வாஷர் இரண்டுக்கு நடுவில் வைத்து இறுக்கினால் தீர்ந்தது. ஈயப்பற்று வைக்காதீர்கள். பற்றவைக்கிற சாதாரண ஈயம் 183 டிகிரியில் உருகிவிடும். தட்டு அவ்வளவு சூடாகாவிட்டாலும் டெர்மினல் ஆகும்.

எலிமென்ட் முழுதும் போய்விட்டால்? மைக்கா தகட்டில் நிக்ரோம் கம்பி சுற்றி நாமே செய்துகொள்ளலாம். சென்னைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டாம். கணக்கு லேசுதான். 24 கேஜ் நிக்ரோம் கம்பி மீட்டருக்குச் சுமார் 4.4 ஓம். பத்து மீட்டர் எடுத்தால் 44 ஓம். 230 வோல்ட்டில் 5.2 ஆம்பியர் இழுக்கும், 1200 வாட் வரும். நடுத்தர அளவு பிரஸ்ஸுக்கு அது போதும். இங்கே ஒரு ஆசை வரும்: மெல்லிய கம்பியாக வாங்கினால் ஆறேழு மீட்டரிலேயே அதே ஓம் வந்துவிடுமே, சுற்றும் வேலை மிச்சமாயிற்றே என்று. வாட் ஒன்றாகத்தான் வரும். ஆனால் அவ்வளவு சூட்டையும் சின்னப் பரப்பு வெளியே தள்ள வேண்டியிருப்பதால் கம்பி சீக்கிரம் கருகும். நீளமாக, தடிப்பாக, தட்டு முழுதும் சமமாகப் பரவும்படி சுற்றுங்கள். ஓரங்களில் கொஞ்சம் நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் அகலமாக. ஓரம்தான் காற்றுக்குச் சூட்டை இழக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த 120 வோல்ட் பிரஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவைதான் அநியாயமாகச் சாகின்றன. 1000 வாட் என்று எழுதியிருக்கும், எலிமென்ட் 14.4 ஓம் காட்டும். அதை நேராக நம் பிளக்கில் சொருகினால் 16 ஆம்பியர், 3600 வாட்டுக்கு மேலே. சில விநாடிகளில் கதை முடிந்துவிடும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது டயோடு சமாச்சாரம். நடுவில் ஒரு டயோடு போட்டால் வோல்ட் பாதியாகும் என்று நம்பிச் சிலர் செய்கிறார்கள். பாதியாகாது. பாதி அலை போனாலும் சூட்டுக் கணக்கில் அது 163 வோல்ட்டுக்குச் சமம். எலிமென்ட் தாங்க வேண்டியதைவிட ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் வாட் போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் நேர்வழி, கனமும் விலையும் கூட. அதற்கு முன்னால் தட்டைத் திறந்து பாருங்கள். சில பிரஸ்களில் உள்ளே சம அளவில் இரண்டு எலிமென்ட் இணையாகக் கிடக்கும், ஒவ்வொன்றும் 28.8 ஓம். அவற்றைத் தொடராக மாற்றிக் கட்டினால் 57.6 ஓம். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர், 900 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொன்றுக்கும் 115 வோல்ட்தான் போகும், அது பிறந்த ஊரில் சாப்பிட்ட அளவே. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஆனால் அந்தப் பழைய தெர்மோஸ்டாட், இண்டிகேட்டர் விளக்கு எல்லாம் 120 வோல்ட்டுக்கு உள்ளவை, அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். ஸ்டுடியோக்காரர்களோடு எனக்கு அதிகம் சண்டை வரும் இடம் இது. காண்டாக்ட் கரிபிடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். மணல் துகள் வெள்ளிப் புள்ளியில் பதிந்து அடுத்த மாதம் மறுபடி கரிபிடிக்கும். விசிட்டிங் கார்டு போன்ற கெட்டித்தாளை நடுவில் விட்டு இழுத்தாலே பாதிக் கரி வந்துவிடும். உப்புத்தாளிலும் சரியாகாவிட்டால் இஸ்திரிப் பெட்டித் தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி போட்டிருக்கும் மிகக் குறைந்த நிலையே 110 டிகிரி வரை போகக்கூடியது. மூன்று புள்ளி 200. ஆர்சி தாளில் போட்ட படத்துக்கு 85 முதல் 95 டிகிரி வரைதான் வேண்டும், நூறைத் தாண்டினால் பிளாஸ்டிக் பூச்சு கொப்பளிக்கும். இஸ்திரிப் பெட்டித் தெர்மோஸ்டாட் அணைந்து மறுபடி பிடிப்பதற்குள் சூடு ஏறி இறங்கும் தூரமும் அதிகம். துணிக்கு அது பரவாயில்லை, படத்துக்கு ஆகாது.

அதற்குப் பதில் ஹோட்டல் சாமான் விற்கும் கடைகளில் ஓவனுக்கும் பெய்ன்-மேரிக்கும் போடுகிற, நீண்ட செப்புக்குழாய் நுனியில் பல்பு வைத்த தெர்மோஸ்டாட் கிடைக்கிறதே, அதைப் போடுங்கள். 300 டிகிரி வரை போகிறதை வாங்காதீர்கள், 110 டிகிரியோடு நிற்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய அரக்கு டிஷ்யூ, பலகை லேமினேஷன் வேலைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் எல்லை தேவைப்படும். பல்பு தட்டின் மேல் சும்மா கிடக்கக் கூடாது. தட்டோடு ஒட்டியிருக்கும்படி ஒரு தகட்டுப் பட்டையால் அழுத்திக் கட்ட வேண்டும். கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் டிஜிட்டல் கண்ட்ரோலரும் ஒரு தெர்மோகப்பிளும் போடலாம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போன யாரிடமாவது சொல்லிவிட்டால் வந்துவிடும். ஆனால் ஒன்று: கண்ட்ரோலரோடு வருகிற எஸ்எஸ்ஆர் (மின்னணு ரிலே) கெட்டால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையில்தான் கெடும். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தட்டு ஏறிக்கொண்டே போகும். ஆகவே ரைஸ் குக்கரில் போடுகிற தெர்மல் ஃப்யூஸ் ஒன்றைத் தொடரில் சேர்த்து, தட்டோடு ஒட்டி வையுங்கள். அந்தச் சின்னச் சாமானின் விலை ஒரு சாயாக் காசைவிடக் கொஞ்சம்தான் கூட. அது இல்லாமல் இப்படி மாற்றிய எந்த பிரஸ்ஸையும் நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவதில்லை.

தெர்மோஸ்டாட்டை டைரக்டாகக் கட்டிவிட்டு, “நான் பக்கத்துலயே நிப்பேன் தம்பி, பிளக்கைப் பிடுங்கிக்கிடுவேன்” என்கிற அண்ணாச்சிமாருக்கு என் பதில் ஒன்றுதான். நிற்க மாட்டீர்கள் அண்ணாச்சி. கஸ்டமர் வருவார், போன் அடிக்கும்.

ஷாக் அடிக்கிறது என்று வரும் கேஸ்களும் உண்டு. மழைக்காலத்தில் அதிகம். மைக்காவின் இடுக்கிலும், குழாய் எலிமென்ட் என்றால் அதனுள் இருக்கும் வெள்ளைப் பொடியிலும் ஈரம் ஏறிக்கொள்கிறது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்த பிரஸ்ஸை எடுத்துச் சொருகினால் டிரிப்பர் விழும். உடனே சிலர் செய்வது எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. டிரிப்பர் விழாது, வாஸ்தவம். அடுத்து விழப்போவது யார் என்று யோசியுங்கள். 500 வோல்ட் மெகர் வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. தட்டைக் கழற்றி வெயிலில் வைத்து, பிறகு வெளியிலிருந்து ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ கொண்டு மெதுவாகக் காயவைத்து மறுபடி அளந்தால் பெரும்பாலும் ஏறிவிடும். ஏறவில்லையென்றால் மைக்கா மாற்ற வேண்டியதுதான்.

திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிரஸ்களில் எலிமென்ட்டுக்குப் போகும் ஒயரின்மேல் சாம்பல் வெள்ளையில் நார்நாராக ஒரு உறை இருக்கும். தட்டுக்கு மேலே அட்டைபோல் ஒரு தகடும் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிய்க்கவோ ஊதவோ பிரஷ் போட்டுத் தட்டவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல முகக்கவசம் கட்டி, அப்படியே எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். கல்தூசி நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்று மயிலாடிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இது அதைவிட மோசம். மாற்றாக ஃபைபர் கிளாஸ் உறை போட்ட ஒயரும் பீங்கான் கனெக்டரும் போதும், இரண்டும் கோட்டாரில் கிடைக்கும்.

ரப்பர் மெத்தை இறுகிப்போனால் அழுத்தம் சமமாக விழாது. நடுவில் ஒட்டும், ஓரத்தில் ஒட்டாது, பழி சூட்டின்மேல் விழும். சந்தேகம் வந்தால் இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் ஒரு கார்பன் தாளை வைத்து, மெஷின் ஆறியிருக்கும்போதே அழுத்திப் பாருங்கள். எங்கே கறுப்பு விழவில்லையோ அங்கே அழுத்தம் இல்லை. மெத்தைக்குச் சிலிகான் ஸ்பாஞ்ச் ஷீட்தான் சரி, கேஸ்கெட் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். கம்பளி ஃபெல்ட்டும் ஓடும். செருப்புக்கடை ஃபோம், சோபா ஸ்பாஞ்ச் வேண்டாம், உருகித் தட்டில் ஒட்டிக்கொண்டால் சுரண்டி எடுக்க ஒருநாள் வேலை.

எல்லாம் மாட்டியபின் சூட்டை அளந்துதான் குமிழில் குறி போட வேண்டும். லேசர் புள்ளி காட்டுகிற துப்பாக்கித் தெர்மாமீட்டரை இப்போது எல்லாரும் வைத்திருக்கிறார்கள். பளபளக்கும் அலுமினியத்தை நோக்கிப் பிடித்தால் அது பொய் சொல்லும், பல டிகிரி குறைத்துக் காட்டும். அதை நம்பிச் சூட்டைக் கூட்டினால் படம் காலி. தட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பிடித்துப் பாருங்கள். அதைவிட நல்லது, மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் கம்பியை இரண்டு அட்டைத்துண்டுக்கு நடுவில் வைத்துப் பிரஸ்ஸை மூடி அளப்பது. படத்துக்குக் கிடைக்கப்போகிற சூடு அதுதானே. நடுவிலும் நாலு மூலையிலும் பாருங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள். எங்கள் ஊரில் பட்டறைகள் எல்லாம் ஓடும் பகல் நேரத்தில் லைன் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் 1200 வாட் எலிமென்ட் 820 வாட்தான் தரும். காலையில் பதினைந்து நிமிடத்தில் ஏறிய தட்டு மத்தியானம் இருபது நிமிடத்துக்கு மேலும் இழுக்கும்.

தூசி பற்றியும் ஒரு வார்த்தை, குறிப்பாக மயிலாடி, அஞ்சுகிராமம் பக்கத்துக்காரர்களுக்கு. கருங்கல் தூசியில் ஒரு பொடி, படத்துக்கும் டிஷ்யூவுக்கும் நடுவில் மாட்டினால், அழுத்தியபின் முகப்பருபோல் எழும்பி நிற்கும். அதைத் திருத்த வழியே கிடையாது. சிற்பியின் படத்தை அவர் பட்டறைக்குப் பக்கத்திலேயே மவுண்ட் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மெஷின் ஓடுகிறது என்பதற்காகக் கிடைத்ததையெல்லாம் அதனுள் வைக்கவும் கூடாது. பாட்டி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்து ‘லேமினேஷன் போட்டுக் குடுங்க’ என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் படம் பிழைக்காது. ஸ்கேன் எடுத்து நகல் போட்டு, நகலை ஏற்றுங்கள், அசலை உறையில் போட்டுத் திருப்பிக்கொடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமும் சேர்ந்து 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கிய வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் கடைப் பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டியும் அந்த வகைச் சொத்துதான்.

இனி என் கோரிக்கை. ஒரு பிரஸ்ஸில் எலிமென்ட், தெர்மோஸ்டாட், ஒயர், மெத்தை நாலையும் எந்தக் கம்பெனிச் சாமானாலும் ஈடுகட்டலாம். ஈடுகட்ட முடியாதது இரண்டுதான்: வளையாத அந்த அலுமினிய மேல்தட்டு, அதைச் சமமாக இறக்கும் வார்ப்புச் சட்டம். அப்படி ஒரு தட்டை இன்று புதிதாக வார்த்து மட்டம் பிடிக்க லேத் பட்டறையில் கேட்கும் கூலிக்கு நீங்கள் கோல்டு லேமினேஷன் மெஷினே வாங்கிவிடலாம். ஆக்கர்கடையில் அது வெறும் அலுமினிய எடை.

ஆகவே கடையைக் காலி செய்கிறவர்கள், பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால் பிரஸ்ஸை விற்க நினைப்பவர்கள், முதலில் உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லுங்கள். வாங்க ஆள் இருக்கலாம். முழுதாக வைக்க இடமில்லையென்றால் மேல்தட்டையும் திருகுச் சட்டத்தையும் மட்டும் கழற்றி, எத்தனை வோல்ட், எத்தனை வாட், எலிமென்ட் எத்தனை ஓம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி வையுங்கள். குமிழ், இண்டிகேட்டர் மூடி, கைப்பிடித் திருகு போன்ற சின்னச் சாமான்களை ஒரு டப்பாவில் போட்டுச் சேர்த்துக் கட்டுங்கள். இன்னொரு ஊரில் ஒருவர் அதற்காகவே காத்திருப்பார்.

அதற்கும் முன்னால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலிமென்ட் டெர்மினல் இரண்டிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். 230 வோல்ட் பிரஸ்ஸில் 30-க்கும் 90-க்கும் நடுவில் ஒரு எண் வந்தால் எலிமென்ட் நன்றாகவே இருக்கிறது, கெட்டது வேறு ஏதோ சில்லறைச் சாமான். அந்த மெஷினை விற்காதீர்கள்.

இப்படிக்கு,
மயிலாடியிலிருந்து ஒரு பழுதுக்கடைக்காரன்